கழுத்தைக் காட்டத்தான் வந்தோம்

அக்காவின் கழுத்திலிருந்த கட்டியை முதலில் தொட்டுப் பார்த்தவள் நான்தான். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், ஒரு துணிக்கடையின் மாடியில் மெஷின் போட்டுச் சட்டை தைக்கிறேன். இந்தப் பக்கத்தில் என் டேப் சுற்றாத கழுத்து குறைவு. அக்கா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைக்கு அளவு கொடுக்க பஸ் ஏறி வந்திருந்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டு இழுத்தேன். இடது தாடைக்குக் கீழே என் விரல் எதிலோ முட்டி நின்றது.

"என்னக்கா இது?"

"அதுவா? வாடகைக்கு வந்திருக்கான். வாடகையும் குடுக்க மாட்டேங்கிறான், எழும்பிப் போகவும் மாட்டேங்கிறான்."

நான் சிரித்துவிட்டேன். அக்காவின் வாய் அப்படி. சனங்கள் பேசுகிற பேச்சைக் கீழே விழவிட எனக்கு மனசு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் துணி சுற்றி வந்த பேப்பரிலும் சட்டை தைக்க வருகிறவர்களின் வாயிலும் படித்ததுதான். ஒருத்தி சட்டை இறுக்கமென்றால் இறுக்கம் என்று சொல்லமாட்டாள், "இதுக்குள்ள மூச்சு விட நம்பர் எடுக்கணும் போல" என்பாள். இன்னொருத்தி கைகள் தொளதொளவென்று இருந்தால், "புருசனையும் சேத்து உள்ள போட்டுக்கலாமா?" என்று கேட்பாள். இதையெல்லாம் நான் மறப்பதில்லை. ஆனால் இவர்கள் யாருடைய வாயும் அக்காவின் வாய்க்கு ஈடில்லை. அதனாலேயே இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இவ்வளவு பேசத் தெரிந்தவள், பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சிரித்து முடித்துத் திரும்ப விரலை வைத்துப் பார்த்தேன். பாக்களவு இருந்தது, பாக்கைப் போலவே கெட்டி. அமுக்கினால் வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். எத்தனை நாளாக என்றேன். மழைக்காலம் தொடங்க முந்தியே இருந்ததாம்.

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"காட்டாமலா? டிஸ்பென்சரி ஐயாகிட்ட காட்டினேன். கூடைக் கயித்து இழுவன்னு சொன்னாரு. பூசுறதுக்கு தைலமும், முழுங்குறதுக்கு வெள்ளக் குளிசையும் குடுத்தாரு."

கொழுந்துக் கூடையின் கயிற்றை எங்கள் பெண்கள் தலையில்தான் மாட்டுகிறார்கள். பாரம் முழுக்கக் கழுத்துக்கு. அதனால் அந்த ஐயா சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தெரியும். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் ஒரு பொம்பளைக்கு எது வந்தாலும் அது கூடையால் வந்ததுதான். முதுகு வலித்தால் கூடை. தலை சுற்றினால் கூடை. பிள்ளை தங்காமல் போனாலும் கூடை. கூடை அவ்வளவு பொல்லாதது என்றால் கூடையை மாற்றுங்களேன்! அதை ஒருவரும் செய்யமாட்டார்கள். காரணம் கேட்டால் மட்டும் கூடையைக் காட்டுவார்கள். கூடைக்கு வாயில்லை, அது திருப்பிக் கேட்காது.

"கயித்து இழுவன்னா ரெண்டு பக்கமும் வரணுமேக்கா. ஒரு பக்கம் மட்டும் எப்பிடி வரும்?"

"அவரு படிச்ச மனுசன், நீ சட்ட தைக்கிறவ. கைய வெட்டாம அளவு எடு," என்றாள் அக்கா.

தீபாவளி போனது. சட்டையும் போட்டாள், அழகாக இருந்தது. தை பிறந்து வந்தபோது கட்டி பாக்கைத் தாண்டிவிட்டது. கழுத்தைத் திருப்பும்போது கண்ணுக்கே தெரிந்தது. இனிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அவளை என்னோடு இருத்திக்கொண்டேன். கீழே துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நானா என்று கூப்பிடுவோம், அவர்தான் ஒரு தனியார் டொக்டரைச் சொன்னார். நானா கலகெதரப் பக்கத்து மனிதர், நல்ல மனசு. "பயப்பட ஒண்டுமில்ல தங்கச்சி. கைராசிக்காரர் அவர். எங்கட உம்மாவையும் அவர்தான் பார்த்த. தமிழிலேயே பேசுவார், ஒங்கட தாத்தாவுக்கும் லேசு." அக்காவைத்தான் அவர் தாத்தா என்பார்.

ஒரு பின்னேரம் போனோம். நம்பர் எடுத்துக் காத்திருக்கிற மண்டபம், சுவரில் ஒரு டிவி, யாரும் பார்க்காத நாடகம். எங்கள் நம்பர் கிட்ட வரும்போது அக்காவைக் காணவில்லை. தேடிப் போனால் பின்னால் பைப்படியில் நிற்கிறாள். வாயில் அடக்கியிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, விரலால் பல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கொப்பளிக்கிறாள். பிறகு மடியிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"டொக்டருக்கு முன்னாடி வெத்தல வாயோட நிக்கலாமா? மரியாத வேணாமா?"

மலைக்கு ஏறும்போது கன்னத்தில் ஒரு உருண்டை வெற்றிலை இல்லாமல் அக்கா ஏறியதில்லை. குளிருக்கு அது, பசிக்கு அது, பக்கத்து நிரைக்காரியோடு பேச ஒரு சாட்டு அது. பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. கல்யாணம் கட்டின வருசத்திலிருந்து அந்த உருண்டை இடது பக்கம்தான் இருக்கும். ஆனால் பெரிய ஆட்களுக்கு முன்னால் போகும்போது அது வெளியே போய்விடும். அதோடு கை வாய்க்கு வந்துவிடும். துரைக்கு முன்னாலும் அப்படி, கணக்கப்பிள்ளைக்கு முன்னாலும் அப்படி, கோயில் ஐயருக்கு முன்னாலும் அப்படி. நாலு விரலையும் சேர்த்து வாய்க்கு முன்னால் ஒரு கதவு மாதிரி வைத்துக்கொண்டுதான் பேசுவாள். எச்சில் தெறிக்கக் கூடாது, மூச்சுப் படக் கூடாது. அவள் மட்டுமில்லை, எங்கள் தாய் தகப்பன், அக்கம்பக்கம் எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து, பெரியவர்களோடு பேசுவது என்றால் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். மெதுவான குரல். அக்காவின் பின்னால் வந்து நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு கிளாஸில் தண்ணீர் கொடுத்தார்.

"ஒருக்கா வாயில எடுத்து வைச்சு, நான் சொல்லேக்க விழுங்குங்கோ அம்மா."

அக்கா கையால் வாயை மறைத்துக்கொண்டு விழுங்கினாள். விழுங்கும்போது கட்டி மேலே ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறவில்லை.

"சாப்பாடு இறங்குதோ?"

"இறங்குதுங்க."

"காய்ச்சல், இருமல்?"

"இல்லீங்க."

"வேறை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லீங்க."

கை வாயைவிட்டு ஒரு தடவைகூட இறங்கவில்லை. அந்தக் கையை எடுக்கச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

தைரொயிட்டாக இருக்கலாம் என்று இரத்தம் எடுக்க அனுப்பினார், ஸ்கேனும் செய்யச் சொன்னார். செய்தோம். தைரொயிட் சுகமாகத்தான் இருந்தது. "இது நெறி கட்டினது. எங்கையோ கிருமி இருக்கு, அதுக்கு உடம்பு சண்டை பிடிக்குது. குளிசையை ஒழுங்காப் போட்டிட்டு வாங்கோ, பாப்பம்," என்றார். குளிசை முடிந்தது, கட்டி முடியவில்லை. திரும்பப் போனோம். "காசநோய் இருக்கோ எண்டும் ஒருக்காப் பாப்பம்," என்றார். அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தாள். லயத்து வீடுகளில் ஒருத்திக்குக் காசநோய் என்று காதில் விழுந்தால் போதும், தேத்தண்ணிக்கு அவளுக்கென்று தனிக் கோப்பை வந்துவிடும். "ஏய், இத ஊர்ல யாருக்கும் மூச்சு விட்டுறாத," என்று கையில் குத்திய ஊசியின் தடத்தை முந்தானையால் மூடிக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அதுவும் இல்லை என்று வந்தது.

எங்கேயோ கிருமி என்றார் அல்லவா? அந்த எங்கேயோ எங்கே என்று யாராவது தேட வேண்டாமா? வீட்டுக் கூரை ஒழுகி நிலத்தில் தண்ணீர் தேங்கினால் நாங்கள் நிலத்தையா தடவிக்கொண்டிருப்போம்? அண்ணாந்து பார்க்கமாட்டோமா? இவர் கட்டியைத் தடவினார், கட்டிக்குக் குளிசை கொடுத்தார், கட்டி கேட்கவில்லை என்றதும் இன்னொரு நிறத்தில் குளிசை கொடுத்தார். இன்னும் இரண்டு கிழமை பாப்பம், மாதம் முடியட்டும் பாப்பம். 'பாப்பம்' என்கிற அந்த நல்ல சொல்லே எனக்கு வேம்பாகக் கசந்துவிட்டது. இதற்குள் அக்கா மெலிந்துபோனாள். நான் தைத்த அந்தத் தீபாவளிச் சட்டை அவள் தோளில் கொடியில் காயப்போட்டதுபோலத் தொங்கியது. உறைப்புச் சம்பலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் சோற்றில் பருப்பை ஊற்றிச் சாப்பிட்டாள். ஏனென்று கேட்டால், "வயசாகுதுடி, நாக்குக்கு ரோசம் வந்திருச்சி," என்று சிரித்தாள்.

கடைசியில் ஒரு காலை, நான் கடையைப் பூட்டிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, அங்கிருந்து காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வரிசை. அங்கேயும் அக்கா பைப்பைத் தேடினாள், கொப்பளித்தாள், கராம்பு போட்டாள். பார்த்துப் பார்த்து எனக்கு அது பழகிப்போயிருந்தது.

உள்ளே இருந்தது ஒரு இளம் டொக்டரம்மா. சிங்களம். தமிழ் நாலு சொல் தெரியும், அந்த நாலையும் கூச்சமில்லாமல் பேசினார். அக்கா தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆயத்தமாக இருந்தாள். டொக்டரம்மா கழுத்தைப் பார்க்கவேயில்லை. நெற்றியில் வெளிச்சத்தை மாட்டினார்.

"கட்ட அரின்ன அம்மே."

"வாயத் தொறக்கச் சொல்றாங்கக்கா," என்றேன்.

"வாயா?" அக்கா என்னைத்தான் முறைத்தாள். "கழுத்துன்னு சொல்லுடி. ஆள் மாறிக் கூப்புட்டாங்களோ என்னமோ."

நான் சிங்களத்தில் சொன்னேன், இவருக்குக் கழுத்தில்தான் கட்டி என்று. டொக்டரம்மா சிரித்தார். கழுத்து எங்கேயும் ஓடிவிடாது, முதலில் வாயைப் பார்ப்போம் என்றார். பிறகு எழும்பி வந்து, தன் கையாலேயே அக்காவின் கையைப் பிடித்து மடியில் வைத்தார். "கை வேணாம் அம்மா. கை கீழே."

என் அக்காவின் கையை அப்படி இறக்கி வைத்த முதல் பெரிய ஆள் அவர்தான். அன்றைக்கு அதைப் பார்த்து அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இன்றைக்கு நினைத்தால் கோபம்தான் வருகிறது. இவ்வளவுதானா? இவ்வளவு சின்ன வேலையா அது?

தட்டையான குச்சியால் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு வெள்ளைத் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து, வெளியே இழுத்து, வலது பக்கம் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு நாக்கின் இடது ஓரத்தை, பின்னால், தடவினார். அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் கழுத்துக்குக் கை போனது. ஒரு கை வாய்க்குள், ஒரு கை கழுத்தில். இரண்டையும் ஒரு நூலால் கட்டுவதுபோல.

நாக்கை விட்டதும், இந்தப் புண் எவ்வளவு நாளாக என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அது வாய்ப்புண்ணு. போன வருசம் சித்திரைக்கு முந்தி வந்தது. சுண்ணாம்பு சுட்டிருக்கும்."

கட்டிக்கு முந்தியே வந்த புண். சம்பலைத் தள்ளி வைத்தது அந்தப் புண்ணால். இத்தனை டொக்டரைப் பார்த்து, இரத்தம் கொடுத்து, ஸ்கேன் செய்து, காசநோய்க்குப் பயந்து செத்து, இவ்வளவுக்கும் பிறகு வாயில் ஒரு ஆறாத புண் இருப்பதை இவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"ஏன்க்கா சொல்லல?" கிளினிக்கென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அக்கா என்னை ஒரு விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எதுக்குச் சொல்லணும்? நாம கழுத்தக் காட்டத்தானே வந்தோம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. டொக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. அவருக்கு அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வேன்?

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஐயா உள்ளே இருப்பார், நாங்கள் வெளியே, மழையோ வெயிலோ, நின்றுகொண்டு சொல்ல வேண்டும். அங்கே ஒரு சட்டம். எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்: ஒரு ஆளுக்கு ஒரு வருத்தம். "காய்ச்சலும் இருக்குங்க, காலும் வீங்கியிருக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள், உடனே விழும். "என்னா, கடைக்குச் சாமான் வாங்க வந்தியா? ரெண்டுல ஒன்னச் சொல்லு." அதனால் எங்கள் பெண்கள் வரிசையில் நிற்கும்போதே பேசி முடிவெடுப்பார்கள். எந்த வருத்தத்தைச் சொல்வது, எதை அடுத்த தடவைக்கு வைப்பது. என் தாய்க்கு இருமலும் வயிற்று வலியும் இருந்த ஒரு காலத்தில், பக்கத்து வீட்டுக்காரி சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "நீ வயித்தச் சொல்லு. எனக்கு ஒன்னுமில்ல, நான் ஒனக்காக இருமலச் சொல்றேன். வீட்டுக்குப் போயி மாத்திக்கலாம்." அவள் ஜன்னலுக்கு முன்னால் இருமிக் காட்டிய இருமலை நினைத்து நாங்கள் லயத்தில் எத்தனை நாள் சிரித்தோம்! எவ்வளவு கெட்டித்தனம் என்று சிரித்தோம். எவ்வளவு அநியாயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சட்டத்தைத்தான் அக்கா கண்டிக்கும் கொண்டுவந்தாள். தனியார் டொக்டரிடமும் அதே சட்டம். கழுத்துக்கென்று நம்பர் எடுத்துவிட்டு வாயைப் பற்றிப் பேசுவது அவளுக்கு முறைகேடு, ஒரு சீட்டில் இரண்டு ஆள் பஸ் ஏறுகிற மாதிரி. வாய்ப்புண்ணை அடுத்த தடவைக்கு வைத்திருந்தாள். கழுத்து சுகமானதும் சொல்லலாம் என்று.

டொக்டரம்மா எனக்கு மெதுவாக விளக்கினார். கழுத்திலே இருப்பது தானாக வந்ததில்லை, நாக்கிலே இருப்பது கீழே இறங்கியிருக்கிறது. புண்ணில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும், கட்டியிலும் ஊசியால் எடுக்க வேண்டும். பார்த்தால்தான் நிச்சயம். ஆனால் பிளிக்காவாக இருக்கலாம் என்றார். அந்தச் சொல்லை நான் தமிழாக்கத் தேவையிருக்கவில்லை. தோட்டத்தில் சிங்களம் தெரியாதவர்களுக்கும் புற்றுநோய்க்கான அந்த ஒரு சொல் தெரியும்.

அக்கா கழுத்தைத் தொட்டுச் சொன்னாள்:

"அப்ப இவன் வாடகைக்காரன் இல்ல. மேல் வீட்டுக்காரனோட சொந்தக்காரன்."

டொக்டரம்மா என்னவென்று கேட்டார். நான், துணுக்கு வெட்ட என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

முடிவு வந்தது. கேன்சர்தான். நாக்கின் ஓரத்தில் தொடங்கி, கழுத்து நெறிக்கு வந்திருக்கிறது, அதற்கு அப்பால் போகவில்லை. வெட்டி எடுக்கலாம் என்றார்கள். முன்னமே வந்திருந்தால் நாக்கில் ஒரு சின்னத் துண்டோடு போயிருக்கும் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். முன்னமே வந்தோமே, ஐயா! தைலம் வாங்கின நாளிலிருந்து வந்துகொண்டேதானே இருந்தோம்! எங்கே வர வேண்டுமோ அங்கே எங்களை அனுப்ப வேண்டியவர்கள் கூடையைக் காட்டினார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், பாப்பம் என்றார்கள். பிந்தி வந்த குற்றம் மட்டும் எங்கள் தலையில்.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "பேச வருமாங்க?"

வரும், ஆனால் பழைய மாதிரி வராது என்றார்.

வெட்டினார்கள். நாக்கின் ஒரு பக்கம் போனது, கழுத்தில் காதிலிருந்து கீழே நீளமாக ஒரு தையல். நான் ஆயிரம் சட்டை தைத்தவள், அந்தத் தையலை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிறகு கதிர் சிகிச்சை, வாய் வெந்து, தண்ணீர்கூட இறங்காத நாட்கள். அதெல்லாம் கடந்து இப்போது தோட்டத்தில் மகளோடு இருக்கிறாள். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பார்க்கிறார்கள். இதுவரை ஒன்றும் இல்லை. இதுவரை என்பதற்கு மேல் அவர்களும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பேசுகிறாள். சொற்கள் வாய்க்குள் உருண்டு, கொழகொழவென்று வரும். போனில் பேசினால் பாதி விளங்காது. "திரும்பச் சொல்லுக்கா" என்றால் கோபப்பட்டு வைத்துவிடுவாள். அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது பாதி விழுகிறது.

அந்தக் கோபத்தோடுதான் ஒரு பின்னேரம் தனியார் டொக்டரிடம் போனேன். நோயாளி மாதிரி நம்பர் எடுத்து, காத்திருந்து, உள்ளே போனேன். அவருக்கு என்னை ஞாபகமிருந்தது.

"அக்கா எப்பிடி இருக்கிறா?"

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வாயில புண் இருக்கெண்டு அவ என்னட்டைச் சொல்லேல்லையே."

"நீங்க கேக்கலையே டொக்டர்."

"வேறை ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான்."

"அப்பிடிக் கேக்கல. வேறை ஒண்டும் இல்லைத்தானேன்னு கேட்டீங்க. நாங்க தோட்டத்து ஆளுங்க. பெரியவங்க இல்லைத்தானேன்னு கேட்டா, இல்லீங்கன்னுதான் சொல்லுவோம். இருந்தாலும் இல்லீங்கன்னுதான் சொல்லுவோம். வெத்தல போடுவீங்களான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? வாயிலிருந்து கைய எடுங்கம்மான்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் மறுப்பார், சத்தம் போடுவார், வெளியே போ என்பார், நானும் அந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கக் கத்துவேன் என்று பஸ்ஸில் வரும்போதே வசனம் வசனமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை.

"ஓம்," என்றார். "வாயைப் பாத்திருக்கோணும். பிழைதான்."

அவ்வளவுதான். ஒரு மனிதன் பிழைதான் என்று சொன்ன பிறகு அவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ஆனால் கேளுங்கள், அது எனக்குப் போதவில்லை. கொஞ்சமும் போதவில்லை. வெளியே வந்து குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன். சேர்த்து வைத்த வசனமெல்லாம் வயிற்றுக்குள் அப்படியே கிடந்தது. நல்லவராக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மெதுவாகப் பேசிவிட்டால்? டிஸ்பென்சரி ஐயா எரிந்து விழுந்து அவள் வாயை மூடினார், இவர் மரியாதையாகப் பேசி அந்த வாயை மூடினபடியே விட்டார். எப்படி மூடினாலும் நாக்கு போனது போனதுதானே?

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். அக்கா கஞ்சியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் விழுங்க வேண்டும் இப்போது. நான் டொக்டரிடம் போனதைச் சொன்னேன். கேட்ட கேள்விகளையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவளுக்காகக் கேட்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஒனக்கு அறிவிருக்கா?"

அது தெளிவாகவே விளங்கியது.

"என்னக்கா, அந்த ஆளு பாத்திருந்தா ஒன் நாக்கு..."

"அவரு நல்ல மனுசன்டி." சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பச் சொன்னாள், நான் தவறவிடக் கூடாது என்று. "நல்ல மனுசன். நான் உள்ள போனதும் என்னைய கதிரையில உக்காரச் சொன்னாரு."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? எனக்கு இத்தன வயசாச்சி. அதுக்கு முந்தி எந்த மருந்துக்காரன் என்னைய உக்காருன்னு சொல்லியிருக்கான், சொல்லு பாப்போம். நீ போயி அந்த மனுசன வையிறியா?"

நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்தால் கத்தியிருப்பேன். நான் கத்தினால் அவளும் திரும்பக் கத்துவாள், அந்த நாக்கு அதற்கு இன்னும் ஆறவில்லை.